"நல்லதும்மா, வச்சிடறேன்": தனியாக வாழும் 78 வயது அம்மா ஒருவரின் வீட்டுப் பராமரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் எங்களைத் தேடி மகள் வந்ததற்குக் காரணம் ஒரு போன் பேச்சு. பேத்திக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "நல்லதும்மா, சரி, வச்சிடறேன்" என்று பதில் வந்து, போன் வைக்கப்பட்டுவிட்டது. பேத்தி என்றால் உயிரை விடுகிற பாட்டி அவர். "அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிடுச்சோன்னு பயமா இருக்கு. கூடவே யாராவது ஒரு ஆள் இருந்தாப் போதும்" என்றார் மகள்.

கூடவே ஓர் ஆள் என்பதுதான் பெரும்பாலான குடும்பங்கள் எங்களிடம் கேட்பது. இந்த வீட்டிலும் அதைத்தான் கொடுத்தோம். ஐந்து வாரத்தில் அம்மா முன்பைவிட ஒடுங்கிப் போனார். ஏன் அப்படி ஆனது, பிறகு என்ன மாற்றினோம் என்பதை வீட்டுப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கும், பெற்றோரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். "அம்மா" என்றே நாங்கள் எல்லோரும் கூப்பிட்டதால் இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

வயது 78. கணவர் இறந்து மூன்று ஆண்டு. தரைத்தளத்தில் சொந்த வீடு. மகளும் மகனும் வெவ்வேறு ஊர்களில். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, அதில் ஒன்று காலையில் போடும் நீர் மாத்திரை (சிறுநீரை அதிகமாக வெளியேற்றுவது). முழங்கால் தேய்மானம். நான்கு மாதம் முன்பு ஒருமுறை இரவில் விழுந்திருக்கிறார், எலும்பு முறிவு இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே பேசுவது யார் என்று சொல்லிவிடுவாராம். ஓய்வுபெற்ற பிறகும் பழைய தோழிகளோடு தினமும் மணிக்கணக்கில் பேசியவர், கடந்த ஒன்றரை ஆண்டாகப் போனைத் தானாக எடுப்பதே இல்லை. வெளியே போவதும் நின்றுவிட்டது.

முதல் மதிப்பீடு

இதை எடுத்தது நான். குளித்தல், உடுத்துதல், கழிவறைக்குப் போதல், எழுந்து நடமாடுதல், சிறுநீர் மலம் அடக்குதல், சாப்பிடுதல் ஆகிய ஆறு அன்றாடச் செயல்களைப் பார்க்கும் காட்ஸ் அளவீட்டில் ஆறுக்கு ஆறு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனைக்கு 17 நொடி ஆனது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம்.

தனிமை உணர்வுக்கு நாங்கள் பயன்படுத்துவது மூன்று கேள்விகள் கொண்ட சிறிய அளவீடு: பேச்சுத்துணை இல்லை என்று எத்தனை அடிக்கடி தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எத்தனை அடிக்கடி தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து விலகிப்போனதாக எத்தனை அடிக்கடி தோன்றுகிறது. குறைந்தது 3, அதிகபட்சம் 9. அம்மாவுக்கு 4 வந்தது. தனிமை அவ்வளவாக இல்லை என்று பொருள்.

இந்த மதிப்பீட்டில் இரண்டு பிழைகள் செய்தேன். ஒன்று, கேள்விகளைக் கேட்டபோது மகள் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். லீவு போட்டு ஓடிவந்திருக்கும் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு "நான் ஒதுக்கப்பட்டதாக உணர்கிறேன்" என்று எந்தத் தாய் சொல்வாள்? இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. படிவத்தில் தொலைபேசி என்ற இடத்துக்கு எதிரே, "பயன்படுத்துவதில்லை, விருப்பமில்லை" என்று எழுதினேன். பயன்படுத்தவில்லை என்பதை நான் பார்த்தேன். விருப்பமில்லை என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். போன்தான் வாழ்க்கை என்று இருந்த ஒருவருக்கு அதில் எப்படி விருப்பம் போகும் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

முதல் திட்டம்

வாரம் ஆறு நாள், தினம் எட்டு மணி நேரம். இருபத்து நான்கு வயது கேர்டேக்கர் ஒருவரை அனுப்பினோம். பயிற்சியில் முதல் தரம், இயல்பிலேயே கனிவு. வந்த முதல் வாரத்திலேயே வீட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்தாள். சமைத்தாள், துணி மடித்தாள், மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தாள், அம்மா எழுந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். மகன் கூடத்தில் ஒரு கேமரா பொருத்தினார். இரண்டு பிள்ளைகளுக்கும் நிம்மதி.

ஐந்தாம் வாரம் நான் போய்ப் பார்த்தபோது அம்மாவின் எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. மதியத் தூக்கம் நீண்டு, இரவு ஏழு மணிக்கே படுக்கைக்குப் போய்விடுகிறார் என்று பதிவேட்டில் இருந்தது. என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு, அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க. ஆனா என் வீட்டுல நானே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

அன்று அந்தப் பெண்ணும் அழுதாள். எட்டு மணி நேரத்தையும் வேலையால் நிரப்பியதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. அப்படி நிரப்பினால்தான் நல்ல கேர்டேக்கர் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். ஆறு செயல்களையும் தானே செய்ய முடிகிற ஒருவரிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டோம். அதற்குத் துணை என்று பெயரும் வைத்தோம்.

மறுமதிப்பீடு

இந்த முறை அவசரப்படவில்லை. மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம், அம்மாவோடு தனியாக.

முதல் நாள் அவரைக் கூடத்தில் காணவில்லை. சமையலறையில், சுவரோரம், முதுகு சாய்க்கக்கூட வழியில்லாத ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பகல் முழுவதும் அங்கேதான் என்று தெரியவந்தது. கூடத்தில் நல்ல நாற்காலி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. ஆனால் கேமராவும் இருக்கிறது. "மகன் அக்கறையா வச்சது, எடுக்கச் சொன்னா மனசு கஷ்டப்படுவான்" என்றார். மகனிடம் நான் பேசினேன். அவர் அன்றே அதை நிறுத்திவிட்டார். அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. கூடம் காலியாகத் தெரிந்தபோதெல்லாம் அம்மா தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்.

இரண்டாம் நாள் காது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒன்று கேட்டேன், பதில் இல்லை. முன்னால் வந்து அதே குரலில் கேட்டேன், உடனே சரியான பதில். அப்புறம் என் வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு கடை, தடை, படை, சடை என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். நான்கையும் அவர் "படை" என்றே சொன்னார். தாளை எடுத்துவிட்டதும் மூன்று சரி.

முதுமையில் காது மந்தமாகும்போது பெரும்பாலும் உயர்ந்த அலைவரிசை ஒலிகள்தான் முதலில் மங்கும். உயிரொலிகள் தெளிவாகக் கேட்கும், க, ச, த, ப போன்ற மெய்யொலிகள் கரைந்துவிடும். யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. நேரில் உதட்டசைவும் முகமும் மீதியை நிரப்பிவிடுவதால் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சந்தேகமே வராது. போனில் உதடும் இல்லை, முகமும் இல்லை. பெண்கள், குழந்தைகளின் குரல் இன்னும் சிரமம். பேத்திக்குக் காய்ச்சல் என்ற செய்தி அம்மாவை எட்டவே இல்லை. பேச்சின் ஏற்ற இறக்கத்தை வைத்து ஊகித்து ஒரு பதில் சொல்லிவிட்டு, மாட்டிக்கொள்வதற்குள் போனை வைத்திருக்கிறார். ஒன்றரை ஆண்டாக இதைத்தான் செய்துவந்திருக்கிறார். "குரலை வச்சே ஆளைச் சொல்றவன்னு பேர் வாங்கினேன். இப்போ பெத்த பொண்ணு குரலே புரியலைன்னு எப்படிச் சொல்றது?" என்றார். உலகில் 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைகிறது. இருந்தும் வீட்டுப் பராமரிப்புப் படிவங்களில் காதுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எங்கள் படிவத்திலும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாள்தான் மிகவும் கடினம். மாலை நான்கு மணிக்கும் அவருடைய தண்ணீர்க் குடுவை காலையில் நிரப்பி வைத்தபடியே இருந்தது. நாற்காலி மெத்தைக்கு அடியில் நான்காக மடித்த பழைய துணி ஒன்று. அதைப் பார்த்ததும் வேறெதையோ பேசிவிட்டு, புறப்படும் நேரத்தில் மெதுவாகக் கேட்டேன்: "அம்மா, அவசரமா வர்றதுண்டா?" தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வருடமாகவே அப்படித்தான். அடக்கவே முடியாது, சில சமயம் பாதி வழியிலேயே. அதனால்தான் வெளியே போவதில்லை, அதனால்தான் தண்ணீர் குடிப்பதில்லை. இரவில் விழுந்ததும் கால் இடறியதால் இல்லை, கழிவறைக்கு ஓடியதால். காட்ஸ் அளவீட்டில் "அடக்குதல்" என்ற இடத்தில் நான் போட்ட "முடியும்" தவறு.

அன்று தனியாக அந்த மூன்று கேள்விகளை மறுபடி கேட்டேன். இப்போது 8.

முதியோருக்கான பதினைந்து கேள்வி மனச்சோர்வு அளவீட்டில் 4 வந்தது. வழக்கமாக 5-க்கு மேல் போனால்தான் சந்தேகிப்பார்கள். டாக்டரும் பார்த்து மனச்சோர்வு நோய் இல்லை என்றார். ஞாபகசக்திச் சோதனையை மட்டும், காதைச் சரி செய்த பிறகு எடுக்கலாம் என்று தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். கேள்வியே சரியாகக் கேட்காதவரிடம் வாய்வழிச் சோதனை வைத்தால் இல்லாத மறதி இருப்பதாகத் தெரியும்.

புரிந்துகொண்டது

ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-இலேயே இரண்டு வகைத் தனிமையைப் பிரித்துக் காட்டினார். மனதுக்கு மிக நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. தன்னை அறிந்த ஒரு கூட்டமும் அதில் தனக்கென ஓர் இடமும் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. அம்மாவுக்கு இரண்டுமே இருந்தன. கணவர் விட்டுப்போன இடத்தை எந்தக் கேர்டேக்கராலும் நிரப்ப முடியாது. அதை நிரப்புவதாகக் குடும்பத்துக்கு வாக்குக் கொடுப்பதும் நேர்மையில்லை. ஆனால் இரண்டாவது தனிமை சாவினால் வந்ததில்லை. தோழிகள் நான்கு பேர் இன்னமும் இருக்கிறார்கள். காதும் சிறுநீர்ப்பையும் வெட்கமும் சேர்ந்து அந்தக் கயிற்றை அறுத்திருந்தன. அறுந்த இடத்தைத் தேடாமல் நாங்கள் எட்டு மணி நேரம் ஆள் போட்டோம்.

இது வெறும் மனவருத்தம் சார்ந்த விஷயம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். உளவியலாளர் ஜூலியன் ஹோல்ட்-லுன்ஸ்டாட் குழுவினர் 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனிமை உணர்வு அகால மரணத்துக்கான வாய்ப்பை 26 சதவீதமும், சமூகத் தொடர்பில்லாமை 29 சதவீதமும் கூட்டுவதாக வந்தது. மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் வெளியிட்ட, நாம் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் கேள்திறன் இழப்பும் இருக்கிறது, சமூகத் தனிமையும் இருக்கிறது. மகள் பயந்த மறதி நோய் வராமலிருக்கவும் இந்த இரண்டையும்தான் முதலில் கவனித்தாக வேண்டியிருந்தது.

இரண்டாம் திட்டம்

வரிசையை மாற்றினோம். முதலில் காது, அடுத்து சிறுநீர்ப்பை, அப்புறம் கால். துணை கடைசியில்.

காதில் அடைந்திருந்த அழுக்கை டாக்டர் எடுத்ததிலேயே கொஞ்சம் தெளிவு கிடைத்தது. பரிசோதனைக்குப் பிறகு காதுக் கருவி வந்தது. முதல் வாரம் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. தட்டு வைக்கும் சத்தம், காகிதம் சரசரக்கும் சத்தம் எல்லாம் மண்டைக்குள் இடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். பல வீடுகளில் இந்தக் கட்டத்தோடு கருவியின் கதை முடிந்துவிடும். நாங்கள் டிவியை அணைத்துவிட்டு, அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசும் ஒரு மணி நேரத்துக்கு மாட்டிக்கொண்டால் போதும் என்று தொடங்கினோம். பல ஆண்டு கேட்காத ஒலிகளுக்கு மூளை மறுபடி பழக நாளாகும். ஆறாம் வாரத்தில் காலை எழுந்ததும் அவரே மாட்டிக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கும் சில விதிகள்: முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே உட்காரவும், கத்த வேண்டாம், புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லவும். கத்தினால் ஒலி சிதைந்து இன்னும் புரியாமல்தான் போகும்.

சிறுநீர் விஷயத்தில், தண்ணீரைக் குறைத்ததால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலும் அவசரமும் கூடியிருக்கும் என்றார் டாக்டர். சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத் தளத் தசைகளுக்குப் பயிற்சி, கடிகாரம் பார்த்துக் கழிவறைக்குப் போய் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் பழக்கம், படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, சுவரில் உறுதியான கைப்பிடி. துண்டு மாட்டும் கம்பியைத்தான் அதுவரை பிடித்துக்கொண்டிருந்தார், அது ஆள் பாரம் தாங்காது. வெளியே போகும் நாளில் நீர் மாத்திரையை வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ள டாக்டர் அனுமதித்தார். இதை யாரும் தாமாகச் செய்யக் கூடாது. கேட்டால் கிடைக்கக்கூடிய அனுமதிதான், இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கால்களுக்கு இயன்முறைப் பயிற்சி, வாரம் இரண்டு நாள்.

துணைக்கு வரும் நேரத்தை வாரம் ஐந்து நாள், தினம் மூன்று மணி நேரமாகக் குறைத்தோம். மகள் இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "நான் பக்கத்துல இல்ல, இன்னும் நேரத்தைக் கூட்டுங்கன்னுதான் கேட்கலாம்னு இருந்தேன்" என்றார். அவருடைய குற்ற உணர்ச்சி எனக்குப் புரிந்தது. நேரத்தைக் கூட்டினால் அது தணியும், ஆனால் அம்மாவுக்கு வேண்டியது அது இல்லையே என்று இரண்டு முறை பேசி, ஒரு மாதம் பார்க்கலாம் என்று சம்மதிக்க வைத்தேன்.

முதலில் வந்த பெண் தானே கேட்டு வேறு வீட்டுக்கு மாறிக்கொண்டாள். இப்போது வருபவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், அம்மாவை "அக்கா" என்று கூப்பிடுகிறார். அவருக்கு ஒரே நிபந்தனைதான் வைத்தோம்: அம்மாவால் முடிகிற எதையும் கேட்காமல் செய்யக் கூடாது. சமையல் அம்மா கையில், நறுக்கிக் கொடுப்பது மட்டும் இவர். அரைமணி நேர வேலை ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும். அந்த நேரத்தில்தான் இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

காலை அழைப்புகள்

காது கொஞ்சம் தேறியதும் முதல் அழைப்பு பழைய தோழி ஒருவருக்கு. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "நீ கோபத்துல பேசலைன்னு நினைச்சேன்டி" என்றாராம் அந்தத் தோழி.

அடுத்து நடந்தது எங்கள் திட்டத்தில் இல்லாத ஒன்று. எங்கள் பராமரிப்பில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அலுவலகத்திலிருந்து தினமும் காலையில் போன் செய்து விசாரிப்பது வழக்கம். அதைக் கேள்விப்பட்ட அம்மா, "எனக்கு நாலு நம்பர் கொடுங்க" என்றார். அந்த நான்கு பேரிடமும் சம்மதம் வாங்கிக் கொடுத்தோம். காலை எட்டிலிருந்து ஒன்பது. கோடு போட்ட நோட்டில் தேதி, அழைத்த நேரம், எத்தனையாவது மணி அடித்தபோது எடுத்தார்கள், குரல் எப்படி. எக்ஸ்சேஞ்சில் எழுதிய அதே குறுகலான கையெழுத்து. "இரண்டாம் நம்பர், குரல் அடைப்பு, நேத்தும் அப்படியே" என்று ஒருநாள் எழுதி எங்களுக்குச் சொன்னார். ஆளனுப்பிப் பார்த்தோம், மார்புச் சளி. உடனே மருத்துவம் பார்க்க முடிந்தது.

நான்காவது மாதம், அந்த நால்வரில் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். காலையில் மூன்று முறை அழைத்தும் எடுக்காததால் முதலில் எங்களுக்குச் சொன்னவரே அம்மாதான். இது என்னைக் கலங்கடித்தது. கணவரை இழந்த ஒருவரை இன்னொரு இழப்பின் வாசலில் நாங்களே கொண்டு நிறுத்திவிட்டோமோ என்று தோன்றியது. இதை நிறுத்திவிடலாம் என்றார் மகள். அம்மாவிடம் கேட்டேன். இரண்டு நாள் போனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு மற்ற மூவரையும் அழைத்தார். நோட்டில் அந்த நான்காவது வரிசையை அடிக்கவில்லை, காலியாக விட்டிருக்கிறார். முடிவு அவருடையதாக இருந்தது நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுக்கும் முன்பே சாவைப் பற்றி அவரோடு வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டும். இப்போது அதை எங்கள் நடைமுறையில் சேர்த்துவிட்டோம்.

ஆறாம் மாத நிலை

மூன்று கேள்வி அளவீடு 8-இலிருந்து 5. எழுந்து நடந்து திரும்பும் நேரம் 17 நொடியிலிருந்து 13, 12 நொடி என்ற ஆபத்துக் கோட்டுக்குக் கீழே இன்னும் வரவில்லை. இந்த ஆறு மாதத்தில் விழவில்லை. இழந்த எடையில் ஒன்றரை கிலோ திரும்பியிருக்கிறது. காதுக் கருவியோடு எடுத்த ஞாபகசக்திச் சோதனை அவர் வயதுக்கு இயல்பானது. மாதம் இரண்டு முறை வெளியே போகிறார், போகும் இடத்தில் கழிவறை எங்கே என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு.

எது இவ்வளவுக்கும் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சில வாரங்களுக்குள் மாற்றினோம். ஒரே ஒருவரின் கதை இது. இன்னொரு வீட்டில் காது நன்றாகக் கேட்கலாம், கண் தெரியாமல் இருக்கலாம், அல்லது பழகக் கூட்டமே இல்லாமல் போயிருக்கலாம். அங்கே எட்டு மணி நேரத் துணை சரியான மருந்தாகவும் இருக்கக்கூடும்.

மாலை நேரம் இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. கணவர் வேலை முடிந்து வரும் நேரம் அது. அந்த நேரத்துக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். மகள் இப்போது அந்த நேரத்தில் வீடியோ அழைப்பில் வருகிறார், உதடு தெரியும்படி கேமராவை நேராக வைத்துக்கொண்டு. சில நாள் பேசுகிறார்கள். சில நாள் இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்த்தபடி சும்மா இருக்கிறார்கள்.

அடுத்த மதிப்பீடு மூன்று மாதம் கழித்து. அதற்குள் கண் பரிசோதனை பாக்கி. போன வாரம் நான் கிளம்பும்போது அம்மா ஒன்று கேட்டார்: முதலில் வந்த அந்தப் பெண்ணை ஒரு தடவை வீட்டுக்கு வரச் சொல்ல முடியுமா என்று. "வேலைக்கு இல்லம்மா, சும்மா. அவளை நான் சரியா அனுப்பி வைக்கல." அவளிடம் சொன்னேன். வரும் ஞாயிறு வருகிறாள்.